சுற்றிக்கொண்டே நின்ற சக்கரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தவக்காலத்தில், அரிப்பு என்கிற கடற்கரை ஊரில் நடந்தது இது. நான் மன்னார் டவுனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், தேவாலயத்தில் பிள்ளைகளின் முதல் நன்மை, பிறந்தநாள், அடையாள அட்டைக்குப் படம் என்று எது வந்தாலும் எடுப்பேன். விஞ்ஞானத்துக்கும் எனக்கும் இருந்த உறவு சாதாரண தரப் பரீட்சையோடு முடிந்துவிட்டது. அதில் எனக்கு வந்த பெறுபேற்றை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

அந்தக் காலத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த சிநேகிதி இப்போது அரிப்புப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞான ரீச்சர். ஒருநாள் அவள் போன் எடுத்து, ஒரு கிழமை முழுவதும் என் கமராவோடு வந்து தங்க முடியுமா என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் நடக்கிற விஷயங்களைப் படமாக எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்றேன். "உனக்குப் படமெடுக்கத் தெரியும், எனக்கு மிச்சம் தெரியும், வாடி" என்றாள். போனேன்.

விஷயம் நான் நினைத்ததைவிடச் சுலபம். ஒரு வகுப்பறையின் யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி இருட்டாக்கினோம். இருட்டில் கமராவின் கண்ணைத் திறந்தே வைத்துவிட்டு, வேண்டிய நொடியில் ஃப்ளாஷை மட்டும் அடிக்க வேண்டும். ஃப்ளாஷை ஆகக் குறைந்த அளவில் வைத்தால் அந்த வெளிச்சம் கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தத் துளி நேரத்தில் எது எப்படி இருந்ததோ அதுதான் படம். பன்னிரண்டு வருடமாகக் கல்யாண வீடுகளில் ஃப்ளாஷ் அடிக்கிறேன், என் கையில் இப்படி ஒரு சாமான் இருந்தது என்று எனக்கே தெரியாது.

முதலில் பால். பால்மாவைக் கரைத்து ஒரு தட்டில் ஊற்றி, மேலிருந்து ஒவ்வொரு துளியாக விழவிட்டோம். முப்பது படம் வீண். ஒன்றில் துளி விழவே இல்லை, இன்னொன்றில் விழுந்து முடிந்திருந்தது. மேசை, நிலம், என் சட்டை எல்லாம் பால். பிறகு ஒரு படத்தில், துளி விழுந்த இடத்தில் பால் ஒரு குட்டிக் கிரீடமாக எழும்பி, அதன் ஒவ்வொரு முனையிலும் ஒரு முத்து நின்றது. நாங்கள் இருவரும் பிள்ளைகள் மாதிரிக் கத்திவிட்டோம். சத்தம் கேட்டு வந்த பள்ளிக்கூட அதிபரான சிஸ்டர், அடுத்ததாகத் தண்ணீர் நிரப்பிய பலூனைத் தானே குத்துவேன் என்று நின்றார். குத்தினார். படத்தில் பலூனின் ரப்பர் கிழிந்து எங்கோ போய்விட்டது, தண்ணீர் மட்டும் இன்னும் பலூனின் வடிவத்திலேயே அந்தரத்தில் நின்றது. அடுத்த நொடி அந்தத் தண்ணீர் முழுவதும் சிஸ்டரின் மேல் விழுந்ததற்குப் படம் இல்லை. நாங்கள் சாட்சி.

கடைசியாக மின்விசிறி. கல்யாண வீடுகளில் ஆடுகிற நேரம் போடுகிற மின்னல் லைட் ஒன்று என்னிடம் இருந்தது. பட் பட்டென்று அணைந்து எரியும், அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகி உண்டு. மின்விசிறியின் ஒரு தகட்டில் வெள்ளைச் சோக்கட்டியால் 'அ' என்று எழுதி, வேகமாகச் சுற்றவிட்டு, இருட்டில் அந்த லைட்டைப் போட்டோம். திருகியை மெதுவாகத் திருப்பிக்கொண்டு வர, ஒரு இடத்தில் விசிறி அப்படியே நின்றுவிட்டது. காற்று முகத்தில் அடிக்கிறது, தகடு நிற்கிறது, 'அ' வாசிக்கத் தெரிகிறது. தகடு ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வருகிற ஒவ்வொரு முறையும் வெளிச்சம் விழுவதால் நிற்கிற மாதிரித் தெரிகிறது என்று சிநேகிதி விளக்கினாள். விளங்கின பிறகும் நான் அதை நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கண்காட்சி அன்று அந்த அறைக்குத்தான் கூட்டம். பின்னேரம் கூட்டம் குறைந்த பிறகு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மின்விசிறிக்கு முன்னால் நெடுநேரம் நின்றதைக் கவனித்தேன். மற்றவர்கள் எல்லாரும் விசிறியைப் பார்த்து வாய் பிளந்தார்கள். அவர் பார்த்தது போதாதென்று, விசிறி வைத்திருந்த மேசையில் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நின்றார்.

அவர் சிநேகிதியின் மச்சாள், அவளுடைய அண்ணனின் மனைவி. பிறவியிலிருந்தே காது கேளாது. பேச்சும் இல்லை. ஆனால் எங்கள் உதட்டைப் பார்த்துப் பாதி விளங்கிக்கொள்வார், மீதியை இருவரும் கைச்சைகையில் கதைப்பார்கள். நானும் பிறகு அவரை மச்சாள் என்றே கூப்பிடப் பழகிவிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

மச்சாள் என்னைப் பார்த்துக் கையால் ஏதோ கேட்டார். எஞ்சினையும் இப்படி நிற்பாட்டிக் காட்ட முடியுமா என்று கேட்பதாகச் சிநேகிதி சொன்னாள். பிறகுதான் கதை முழுவதும் வந்தது.

அண்ணனுக்கு ஒரு ஃபைபர் படகும் அதன் பின்பக்கம் பூட்டுகிற எஞ்சினும் இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் படகு கரைக்கு வந்ததும் எஞ்சினுக்குள் போன உப்பைக் கழுவ வேண்டும். பரல் என்கிற பெரிய நீலப் பிளாஸ்டிக் பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதற்குள் எஞ்சினை இறக்கிக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார்கள். அது மச்சாளின் வேலை. ஓடுகிற நேரம் முழுவதும் அவர் எஞ்சினில் கை வைத்தபடி நிற்பார். பத்துப் பன்னிரண்டு நாட்களாக எஞ்சின் நொண்டுகிறது என்பது அவர் சொன்ன புகார். எப்படி நொண்டுகிறது என்று காட்ட, இரண்டு விரல்களைக் கால்களாக்கி மேசையில் நடக்கவிட்டார். ஒவ்வொரு அடியிலும் ஒரு விரல் தாழ்ந்து தாழ்ந்து போனது.

அண்ணன் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. மச்சாள் விடவில்லை என்பதால் மெக்கானிக்கையும் கூட்டிவந்திருக்கிறார். அவரும் கேட்டுவிட்டு, பிளக்கை மாற்றிவிட்டு, போகிறபோது அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்.

"காதுள்ள எங்களுக்கே கேக்கேல்லை, அவவுக்கு என்னண்டு கேக்கும்?"

மச்சாள் அதை அவருடைய உதட்டிலிருந்து வாசித்துவிட்டார்.

இதில் அவசரம் என்னவென்றால், பாஸ்குத் திருநாள் முடிந்ததும், கடலைக் குழப்புகிற தென்மேற்குக் கச்சான் காற்றுத் தொடங்க முன், அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் வழமையைவிடத் தூரமாக வெளிக்கடலுக்குப் போவதாக இருந்தார்கள். அதற்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்கும் நம்பிக்கை இல்லை. மெக்கானிக் மாதிரி வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பாவம், அவருடைய மன ஆறுதலுக்காக ஒருமுறை செய்து காட்டிவிட்டால் என்ன என்று நினைத்துத்தான் சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை கடற்கரையில், அவர்கள் வலையும் சாமான்களும் வைக்கிற ஓலைக் கொட்டிலான வாடியில் வேலையைத் தொடங்கினோம். ஓலைக்குள்ளால் வெயில் ஆயிரம் இடத்தில் எட்டிப் பார்த்தது. தார்ப்பாய்ப் படங்குகளைக் கட்டி, பழைய பாய்களைச் சாத்தி, அண்ணனின் சாரம் ஒன்றையும் தொங்கவிட்டு ஒருவாறு இருட்டாக்கினோம். மரச்சட்டத்தில் எஞ்சினை மாட்டிப் பரலுக்குள் இறக்கினார்கள். மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு கனமான இரும்புச் சக்கரம் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அதுதான் உச்சியில் சுற்றுவது. அதன் விளிம்பில் சோக்கால் ஒன்று முதல் நான்கு வரை நான்கு பக்கமும் எழுதினோம்.

கயிற்றை இழுத்து அண்ணன் எஞ்சினைத் தொடக்கினார். மூடின கொட்டிலுக்குள் புகை நிறைந்தது. இரண்டு நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் வெளியே ஓடிப்போய் இருமல் என்றுதான் அன்று முழுவதும் போனது. நான் மின்னல் லைட்டைப் போட்டுத் திருகியைத் திருப்பினேன். சக்கரம் மெல்ல மெல்லத் தயங்கி, நின்றது. எஞ்சின் காது கிழிய இரைகிறது, இரும்புச் சக்கரம் சும்மா கிடக்கிறது, அதில் '2' என்று எழுதியிருக்கிறது. அண்ணன் சொக்கிப்போய் விரலை நீட்டினார். சிநேகிதி அவருடைய கையைத் தட்டிவிட்டாள்.

"தொட்டுடாதை அண்ணா, அது சுத்திக்கொண்டுதான் நிக்குது."

 அதன் பிறகு எல்லாரையும் இரண்டடி தள்ளி நிற்க வைத்தோம்.

நான் நன்றாகப் பார்த்தேன். சக்கரத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. எஞ்சினை நிறுத்தி வெளியே வந்ததும், மச்சாளின் முகத்தைப் பார்த்து, "ஒண்டுமில்லை மச்சாள், நல்லாத்தான் இருக்கு" என்று உதட்டை அசைத்து மெதுவாகச் சொன்னேன். ஆறுதல் சொல்கிற சிரிப்பு ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். எஞ்சினைத் திரும்பத் தொடக்கச் சொன்னார். என் வலது கையை எஞ்சினின் கீழ்ப்பக்கம், அசையாத இடத்தில் வைத்தார். எனக்கு வெறும் நடுக்கம்தான் தெரிந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன். அப்போது அவர் எனக்குப் பின்னால் வந்து நின்று, தன் இரண்டு உள்ளங்கைகளாலும் என் காதுகளை இறுக்கப் பொத்தினார். அண்ணனைப் பார்த்து வேகத்தைக் கொஞ்சம் கூட்டும்படி தலையசைத்தார்.

சத்தம் தூரப் போனது. கையில் இருந்த நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. வேகம் கூடக் கூட, ஒரு கட்டத்தில், நடுக்கத்துக்குள் இன்னொன்று இருந்தது. ஒரு தள்ளல். ஒரு கால் கட்டையான கதிரையில் இருந்தால் ஆடுமே, அதே மாதிரி, ஆனால் மிக வேகமாக. அண்ணன் இன்னும் வேகத்தைக் கூட்ட அது மறைந்துவிட்டது. குறைக்க, அந்த ஒரே இடத்தில் திரும்பவும் வந்தது.

நான் திரும்பி மச்சாளைப் பார்த்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் கைகொட்டிச் சிரித்தார்.

மெதுவான வேகத்தில் ஓடவிட்டு மட்டும் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று தீர்ப்புச் சொன்னவள் நான். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக, அதைக் கண்ணால் கண்டுவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. சிநேகிதியின் ரீச்சர் மூளையும் விழித்துக்கொண்டது. நிற்கிற சக்கரத்தைப் பார்த்தால் ஆட்டம் தெரியாது, பக்கத்தில் அசையாத ஒன்று இருந்தால்தான் ஒப்பிடலாம் என்றாள். பள்ளிக்கூடப் பையிலிருந்து, கோடு கீறுகிற இரும்பு அடிமட்டத்தை எடுத்து, மரச்சட்டத்தில் ஆணியடித்து, சக்கரத்தின் விளிம்புக்கு ஒரு விரல் மேலே படுக்கையாக நிற்கும்படி கட்டினாள்.

இந்த முறை மச்சாள் எஞ்சினில் கை வைத்துக்கொண்டு, கூட்டு, குறை, நில் என்று அண்ணனுக்குக் கண்ணால் சொன்னார். அந்த வேகத்துக்கு என் லைட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் எரிய ஏலாது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிந்தாலே போதும், சக்கரம் அதே இடத்தில்தானே இருக்கும் என்றாள் சிநேகிதி. அப்படியே சக்கரம் நின்றது. பிறகு திருகியை மயிரிழை அளவு நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினேன்.

நின்ற சக்கரம் தூக்கத்தில் புரள்கிற மாதிரி மெல்லச் சுற்றத் தொடங்கியது. ஒன்று வந்தது. இரண்டு வந்தது. இரண்டிலிருந்து விளிம்பு மேலே எழும்பியது. மூன்று வருகிறபோது அடிமட்டத்தை நெருங்கி வந்து, நான்கில் திரும்பத் தாழ்ந்தது. ஒன்று, இரண்டு, எழும்பியது. மூன்று, நான்கு, தாழ்ந்தது. மேசையில் நடந்த அந்த இரண்டு விரல்களேதான். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மச்சாள் மட்டும் சக்கரத்தைப் பார்க்கவில்லை. அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லைட்டை அணைத்துவிட்டு, சின்ன ஃப்ளாஷை ஒவ்வொரு முறையாக அடித்து இருபத்தைந்து முப்பது படம் எடுத்தேன். பால் துளிக்குச் செய்த அதே வேலைதான். அவற்றில் நான்கு எண்களும் ஒவ்வொன்றாக அடிமட்டத்துக்கு நேர் கீழே நிற்கிற நான்கு படங்களைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்றாம் எண்ணுக்கும் அடிமட்டத்துக்கும் நடுவில் நல்ல இடைவெளி. மூன்றாம் எண்ணுக்கும் அடிமட்டத்துக்கும் நடுவில் அதில் பாதிதான் இருந்தது.

திங்கட்கிழமை படங்களைப் பெரிதாக அச்சடித்து, மூன்று பெண்களுமாக மெக்கானிக்கிடம் போனோம். அவர் நான்கு படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். எஞ்சினை எப்படி நிற்பாட்டி எடுத்தீர்கள் என்று கேட்டார். நிற்பாட்டவில்லை, ஓடுகிறது என்றோம். திரும்பவும் பார்த்தார். பிறகு தன் சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தார்.

சக்கரத்தைக் கழற்ற அவருக்கு அரைமணித்தியாலம் பிடித்தது. அதைப் பிடித்திருந்த நட் இளகியிருந்தது. அதுவல்ல பெரிய விஷயம். சக்கரத்தின் நடு ஓட்டையிலிருந்து தலைமயிர் மாதிரி ஒரு வெடிப்பு விளிம்புப் பக்கமாக ஓடியிருந்தது, ஒரு விரல்கணு நீளம். நகத்தால் வருடினால் தட்டுப்பட்டது. மெக்கானிக் அதைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் குந்திவிட்டார்.

"இது வெளிக்கடலில முழு வேகத்தில பிளந்திருந்தா, மூடியையும் பிச்சுக்கொண்டுதான் போயிருக்கும்" என்றார் அண்ணனிடம். "எஞ்சினுக்குப் பக்கத்தில பிடிச்சுக்கொண்டு இருக்கிறது நீங்கள்தானே."

 அண்ணன் போய், எஞ்சினில் வைக்கிற மச்சாளின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் முன்னால் அப்படிச் செய்தது மச்சாளுக்குக் கூச்சமாகப் போய்விட்டது, கையை உருவிக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார்.

மெக்கானிக் நல்ல மனிதர் என்று அப்போதுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்பதற்கு எப்படிச் சைகை காட்டுவது என்று சிநேகிதியிடம் கேட்டார். நெஞ்சில் கையை வைத்து வட்டமாகத் தடவ வேண்டும் என்று அவள் காட்டிக்கொடுத்தாள். மச்சாள் தேத்தண்ணியோடு வந்ததும் அவர் எழும்பி நின்று, தலையைக் குனிந்து, மிகவும் பயபக்தியோடு வயிற்றைத் தடவினார். கை பதற்றத்தில் கீழே இறங்கிவிட்டது. மச்சாள் ஒரு கணம் பார்த்தார், உள்ளே போனார், ஒரு தட்டு நிறையப் புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொடுத்ததை மறுக்காமல் முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். பசிக்கிறது என்பதற்கு அவர்கள் வீட்டில் அதுதான் சைகை என்று சிநேகிதி பிறகுதான் சொன்னாள். மச்சாளுக்கு அவர் என்ன கேட்டார் என்பது முதலிலேயே விளங்கியிருந்ததாம். வேண்டுமென்றே செய்திருக்கிறார்.

புதுச் சக்கரம் பூட்டி, பாஸ்குக்குப் பிறகு படகு வெளிக்கடலுக்குப் போய் நல்லபடியாக வந்தது. எனக்கு ஒரு பெரிய பாரை மீன் பஸ்ஸில் வந்து சேர்ந்தது.

எனக்கு அதோடு நிற்க மனமில்லை. மச்சாளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று யோசித்து யோசித்து, சத்தத்தைப் படமெடுத்துக் காட்டலாம் என்று முடிவு செய்தேன். அவர் வாழ்க்கையில் கேட்காததை நான் காட்டப் போகிறேன் என்று எனக்குள் ஒரே பெருமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெரிய ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுபோய், மல்லாத்தி வைத்து, அதன் வாயில் மெல்லிய பொலித்தீன் கட்டி, நீலமும் சிவப்புமாய்ச் சாயத் தண்ணீர் ஊற்றினேன். வீட்டு யன்னல்களைச் சாத்தி, பாட்டைப் போட்டேன். தண்ணீர் துள்ளியது. ஃப்ளாஷ் அடித்து எடுத்த படங்களில் அது சின்னச் சின்ன மரங்களாக எழும்பி நின்றது. கிளை விட்டு, கிளையின் நுனியில் குமிழ் விட்டு, பவளம் மாதிரி. மச்சாள் ஒவ்வொரு படத்தையும் ஆசையாகப் பார்த்தார். ஸ்பீக்கரில் ஒரு விரலை வைத்துக்கொண்டு பாட்டுக்குச் சரியாகத் தலையாட்டினார். பாட்டு மாறினதும் என்னைப் பார்த்து, இப்போது பாடுவது ஆண் என்று இல்லாத மீசையைத் தடவிக் காட்டினார். ஆண்தான்.

பிறகு சிநேகிதியிடம் ஏதோ சொன்னார். சிரித்த சிரிப்பில் அவளால் அதை எனக்கு உடனே சொல்ல முடியவில்லை.

"பரல் தண்ணியில இது ஒவ்வொரு நாளும் ஆடுறதுதானே, நீங்கள் இண்டைக்குத்தான் கண்டனீங்களோ எண்டு கேக்கிறா."

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது. அவருக்குப் புதிதாக ஒன்றைக் காட்டப் போனேன், அதைப் புதிதாகக் கண்டது நான் மட்டும்தான்.

இப்போதும் ஒவ்வொரு வருடமும் கண்காட்சிக்குப் போகிறேன், மச்சாளும் மூன்றாவது ஆளாக எங்களோடு நின்று வேலை செய்கிறார். ஆனால் எனக்குள் மாறினது வேறு ஒன்று: எனக்குப் பிடிபடாத ஒன்றை யாராவது தனக்குத் தெரியும் என்று சொன்னால், ஆறுதல் சொல்கிற சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவர் கை வைத்த இடத்தில் முதலில் என் கையையும் வைத்துப் பார்க்கிறேன்.